புதுமாப்பிள்ளையின் கோமாளி மீன்கள்

ஆகஸ்ட் 6, புதன்

ஒருவழியாகத் தண்ணீர் பழகிவிட்டதாம். இன்று மீன் வந்தது.

ஒரு மாதமாக எங்கள் முன் ஹோலில் ஒரு கண்ணாடித் தொட்டி வெறுந்தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தது. மீன் எங்கே என்று கேட்டால் "தண்ணி பழகணும்" என்பார் மருமகன் ஹாதிக். தண்ணீர் யாரோடு பழக வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. புதுமாப்பிள்ளை சொன்னால் சரிதான். சாய்ந்தமருதில் எங்கள் மாடியில் ஏறி நின்றால் கடல் தெரியும். அந்தக் கடல் அழுக்காம். கொழும்பிலிருந்து உப்பை வரவழைத்து, வடிகட்டிய தண்ணீரில் கரைத்து, அளந்து அளந்து தானே ஒரு கடல் செய்திருக்கிறார். மூன்று வருடம் கட்டாரில் இருந்தவர். அங்கே கடை வாசல்களில் எல்லாம் இப்படித் தொட்டி இருக்குமாம்.

வந்தவை இரண்டு. செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி. பெயர் கோமாளி மீன். பெரியது என் பெருவிரல் அளவு, சின்னது அதிலும் குறைவு. என் கணவர் மீராமுகைதீன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "பொரிச்சா ஒரு வாய்க்குக் காணாதே" என்றார். மருமகன் சிரித்தார். சிரிக்காமல் பாவம் என்ன செய்வார்?

பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரை ஊற்றி, பிறகு மெதுவாகத் திறந்துவிட்டார். அதற்குள் கலியாணத்துக்கு வந்ததில் பாதிக் கூட்டம் ஹோலுக்குள் வந்துவிட்டது. என் ராத்தா ஸைனம்பு, கூடப் பிறந்த மூத்தவ, கதிரையை இழுத்துப் போட்டு நேர் முன்னால் உட்கார்ந்துவிட்டா. மீன் இரண்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. தீன் போட்டார். தின்னவில்லை.

இதையெல்லாம் நான் கதவுச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் மாமி மருமகனுக்கு முன்னால் போய் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. முப்பது வருடம் வகுப்பில் கத்திய முனவ்வறா டீச்சர், அதிபரையே அடக்கி வைத்திருந்தவள், இப்போது சொந்த வீட்டில் சீலைக்குப் பின்னால். சொந்த வீடு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். கலியாணத்தோடு மகள் றுமைஸாவின் பெயருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. நாங்கள் கிழடுகள் இரண்டும் பின்னறையில்.

ஆகஸ்ட் 7, வியாழன்

எங்கள் பக்கத்து வழக்கம் நல்ல வழக்கம். பெண்ணை அனுப்பிவிட்டு அழத் தேவையில்லை. மாப்பிள்ளையைக் கூட்டி வந்து அவரை அழவைக்கலாம்.

நேற்று இரவுச் சாப்பாடு: நெய்ச்சோறு, கோழிப் பொரியல், இறால் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, மாசிச் சம்பல், கடைசியில் வட்டிலப்பம். மருமகன் ஓர் அகப்பைச் சோற்றைத் தட்டில் பரப்பினார். பரப்பியதைக் கூட்டினார். கூட்டியதைத் திரும்பப் பரப்பினார். எதிரே மீராமுகைதீன், பக்கத்தில் ராத்தா. "என்ன மகன் இது, குருவிச் சாப்பாடு. இந்தத் துண்டயும் வைங்க." நான் சீலை இடுக்கில். "போதும் மாமா" என்று எழும்பிவிட்டார். எத்தனை துண்டு எடுத்தார் என்று எனக்குத் தெரியும். ராத்தாவுக்கும் தெரியும். ஆகவே இன்று பகலுக்குள் தெருவுக்கே தெரியும்.

கலியாணம் முடிந்து இரண்டு மாதமாகப் போகிறது. இன்னும் இதே கதைதான்.

மீனும் இன்று தின்னவில்லை. சிறு குருணைபோல ஒரு தீன் போடுகிறார். பெரியது ஒன்றை வாயில் எடுத்து, யோசித்துப் பார்த்து, துப்பிவிட்டது. எனக்கு அந்த மீனில் கொஞ்சம் மரியாதை வந்தது. பிடிக்கவில்லை என்றால் துப்புகிறது. சிரித்துக்கொண்டு பரப்பிக் கூட்டவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மீனும் தின்னவில்லை. மருமகனும் தின்னவில்லை. மிச்சத்தையெல்லாம் தின்று தின்று நான்தான் பெருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று குசினிக்கு றுமைஸா வந்து, "உம்மா, மீனுக்கு உள்ளி வேணுமாம்" என்றாள்.

மீனுக்கு உள்ளி போடுவது எனக்கும் தெரியும். ஆனால் சட்டியில். இது உயிரோடு இருக்கிற மீனுக்காம். உள்ளிப் பூண்டை நசுக்கிச் சாறெடுத்து, பச்சை இறாலைப் பொடிப்பொடியாக அரிந்து அதில் ஊறவைத்துக் கொடுத்தால் அந்த மணத்துக்கு வாய் திறக்குமாம். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன் சொல்லியிருக்கிறான். என்னுடைய உள்ளி மணத்துக்கு ஊரே வாய் திறக்கும், ஒரு மருமகனைத் தவிர.

இறாலை அரிந்து கொடுத்தேன். மீன் இரண்டும் கிட்ட வந்து மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன. பார்த்துக்கொண்டிருந்தவர்கள்: மீராமுகைதீன், ராத்தா, ராத்தாவின் இரண்டு மருமக்கள், பால் கொண்டுவந்த மனிசன். "வாய்க்கிட்டக் கொண்டு போங்க மகன்" என்று ராத்தா. "அந்தச் சின்னனுக்கு முதல்ல குடுங்க" என்று மீராமுகைதீன். புருசன் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாது. எழுதவாவது எழுதுகிறேன்.

றுமைஸா ஒரு புதினச் செய்தி சொன்னாள். அதில் பெரியது பெண்ணாம், சின்னது ஆணாம். பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆண் வந்து இருக்குமாம். அவள் சொல்கிறபடிதான் நடக்குமாம். ராத்தா யோசித்துவிட்டு, "அப்ப இதுகளும் நம்மட ஊர்தான்" என்றா.

ஆகஸ்ட் 11, திங்கள்

அல்லாஹ்வே.

ராத்தா அஸர் தொழுகைக்குப் பிறகு கல்முனை பஸாருக்குப் போனவ. வரும்போதே முகத்தில் பெருநாள். உட்காரவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. "முனவ்வறா, உண்ட மருமகன் கடையில பரோட்டாத் திங்குறாரு" என்றா. "ரெண்டு கண்ணாலயும் கண்டன். மூலை மேசையில, செவரப் பாத்துக்கிட்டு. மூணு பரோட்டா. மாட்டுக் கறி வேற. அவுக் அவுக்கெண்டு திங்குறாரு புள்ள!"

மூணு பரோட்டா! என் வீட்டில் ஓர் அகப்பைச் சோறு.

வேலை முடிந்து கடையில் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து "பசியில்ல" என்கிறவருக்கு நான் நாளாந்தம் ஆறு கறி சமைத்திருக்கிறேன். ஏன்? என்ட சோத்துல என்ன குத்தம்? கலியாண வீடுகளுக்கு என்னைக் கூட்டிப்போய்ச் சமைக்க வைக்கிற ஊர் இது. உப்பா? எண்ணெயா? சொல்ல வாயில்லையா அவருக்கு? — சொல்ல ஏலாது. மாமியோடு கதைக்கக் கூடாதே. நானும் கேட்க ஏலாது. மருமகனோடு கதைக்கக் கூடாதே. பெரிய ஒழுக்கம்!

ராத்தா போகும்போது சொன்னது: "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்." அப்படியென்றால் இந்நேரம் மருதமுனையில் மருமகனின் உம்மாவின் காதுக்கே எட்டியிருக்கும். புதுமாப்பிள்ளைக்குச் சோறு போடாத வீடு. இனி இந்தப் பெயரோடுதான் நான் மவுத்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று ஒரு வேலை செய்தேன்.

எல்லோரும் வெளியே போன நேரம். தொட்டிக்கு முன்னால் முதல்முறையாக நானும் மீனும் மட்டும். கிட்டத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன, நாசமத்துப் போவதுகள். வயிறு ஒட்டிக் கிடந்தது. வந்த நாளிலிருந்து பட்டினி. என் வீட்டுக்கு வந்த எதையும் நான் வெறும் வயிற்றோடு விட்டதில்லை. ஒரு முட்டையை அவித்து, மஞ்சள் கருவை உதிர்த்து, வாசத்துக்குக் கொஞ்சம் மாசிக் கருவாட்டுத் தூளும் சேர்த்து, பிஸ்மில்லாஹ் சொல்லிப் போட்டேன். என் கையால் இதுகளாவது தின்றால், ராத்தாவுக்கும் ஒரு பதில், மருமகனுக்கும் ஒரு பதில்.

தின்னவில்லை. அடியில் போய்ப் படிந்தது. இரவுக்குத் தின்னும் என்று இன்னொரு முட்டை போட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

தொட்டித் தண்ணீர் பால்சொதி மாதிரிக் கிடக்கிறது. மீன் இரண்டும் மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றன. "பாத்தீங்களா, பசி வந்திட்டு" என்று மீராமுகைதீன் சந்தோசப்பட்டார். பசி இல்லை, மூச்சு முட்டுகிறதாம். மருமகன் ஒரு சிறு குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தார். பச்சையாகிவிட்டது. போட்ட தீன் அழுகித் தண்ணீர் நஞ்சாகிவிட்டதாம். பாதித் தண்ணீரை உடனே மாற்றினார். யாராவது ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார்.

மீராமுகைதீன் இல்லை என்றார். ராத்தா, சீ, இல்லை என்றா. நான் சீலைக்குப் பின்னால் இருந்ததால் என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. வசதிதான்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு மகளும் மருமகனும் இருக்கிற அறையில் கதை கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை. ஓம், கேட்டேன்.

"கல்முனையில ஒரு மேல்வீடு வாடகைக்கி இரிக்கி" என்றார். "பாத்துட்டன். நாம அங்க போவம் றுமைஸா. எனக்கு இஞ்ச ஏலாது."

என் மகள் என்ன சொல்வாள் என்று நின்றேன். வெட்டிப் பேசுவாள், என் வயிற்றில் பிறந்தவளாயிற்றே என்று நின்றேன். அவள் சொன்னது: "உம்மாட்ட எப்பிடிச் சொல்ற?"

வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றுதான் கேட்கிறாள்.

அவர், "நான் எப்பிடிச் சொல்ற? மாமியோட நான் ஒரு நாளும் கதைச்சதில்லயே" என்றார்.

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவளுக்கென்றே கல்லுக் கல்லாய்க் கட்டின வீடு. அவள் போய் வாடகை வீட்டில் இருக்க, அவளுடைய வீட்டில் நானும் மீராமுகைதீனும் உப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? எனக்கு இன்று எழுத முடியவில்லை. பயமாக இருக்கிறது. அவள் இல்லாத வீட்டை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சீலையை விலக்கிப் போனேன். போயே போய்விட்டேன்.

மருமகன் முழங்காலில் நின்று குழாயால் தொட்டியின் அடியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு பதறி எழும்பியதில் குழாய் வாளியை விட்டு வெளியே வந்து, கொழும்பு உப்புத் தண்ணீர் முழுக்க என் கம்பளத்தில். பரவாயில்லை. கம்பளமும் மகளுடையதுதான்.

"மகன்," என்றேன். வகுப்பில் கூப்பிடுகிற சத்தத்தில் வந்துவிட்டது. "முட்டை மஞ்சளும் மாசித் தூளும் போட்டது நான்தான். ரெண்டு தரம். ஸைனம்பு ராத்தா பாணைப் பிய்ச்சுப் போட்டிருக்கா, அவக்கிட்ட விசாரிச்சிட்டன். உங்கட மாமா மேரி பிஸ்கட் போட்டிருக்காரு."

அவர் வாளியைப் பார்த்தார். "மாமா கோழி ஈரலும் போட்டாரு" என்றார். "நான் கண்டன்."

"கண்டா ஏன் சொல்லல்ல?"

"மாமாட்ட எப்பிடிச் சொல்ற மாமி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் முக்காட்டுக்குள் அடக்கினேன். இத்தனை பேர் வாய் கிழியக் கதைக்கிற வீட்டில், ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

சரி, ஏன் தின்னுதில்லை, என்ன குறை என்று கேட்டேன். மீனைப் பற்றித்தான் கேட்டேன். அவர் குழாயைச் சுற்றிக்கொண்டே வாளிக்குச் சொன்னார்:

"கொறை ஒண்டுமில்ல மாமி. பசியும் இரிக்கி. புது எடம். ஆக்கள் சுத்தி நிண்டு வாயப் பாத்துக்கிட்டிருந்தா எப்பிடித் தின்னும்?"

சொல்லிவிட்டுத் தானே சிவந்துபோனார். மீனைப் பற்றித்தான் சொன்னார் என்று அவரும் பாவனை செய்தார், நானும் செய்தேன். குசினிக்கு வந்து வெங்காயம் உரித்தேன். இரண்டு மாதம். ஒரு மனிசன் வாயில் சோற்றை வைக்கும்போதெல்லாம் எத்தனை கண்! அதில் சீலை இடுக்கில் இருந்த இரண்டு கண் என்னுடையது. பரிமாறுவது என்று நினைத்துக்கொண்டு நான் காவல் காத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சட்டம் போட்டாயிற்று.

ஒன்று, மீன் தொட்டிக்கு முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. மருமகனின் உம்மா கலியாணத்துக்குக் கொண்டுவந்த மருதமுனைக் கைத்தறிப் படுக்கை விரிப்பை எடுத்துத் தொட்டியை மூடிவிட்டேன். முதலே வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தாராம். ராத்தா பார்க்க வந்திருக்கும்போது எப்படி மூடுவது என்று விட்டாராம்!

இரண்டு, இரவுச் சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டு நாங்கள் பின்னறைக்குப் போய்விடுவது. ஒரு கறி, ஒரு சுண்டல், ஒரு சொதி. அவரும் றுமைஸாவும் எடுத்துச் சாப்பிடட்டும். மீராமுகைதீன், "மாப்பிள்ளை தனியச் சாப்பிடுறதா? ஆக்கள் என்ன சொல்லுவாங்க?" என்றார். "பரோட்டாவ என்ன சொன்னாங்களோ அதத்தான்" என்றேன். அடங்கிவிட்டார்.

ராத்தாவுக்கு நானே போய்ச் சொன்னேன், ஒரு கிழமைக்கு வர வேண்டாமென்று. ராத்தா அழுதா. "மீன் பாக்கவும் வேணாமா?" என்றா. மீன்தான் பார்க்க வந்தாவாம்.

சட்டம் போட்டு ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, மீராமுகைதீனைக் கையும் களவுமாகப் பிடித்தேன். விரிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் மேரி பிஸ்கட்.

ஆகஸ்ட் 16, சனி

பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பின்னறையில் இருந்தேன். அகப்பை சட்டியில் உரசுகிற சத்தம் கேட்டது. இரண்டாம் தரமா, முதல் தரமா? எழும்பிப் போகாமல் இருக்க யாஸீன் ஓதினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தின்றுவிட்டன!

குசினி மூலையில் மருமகன் ஒரு சோடாப் போத்தலைத் தலைகீழாகக் கட்டி, உப்புத் தண்ணீர் ஊற்றி, காற்றுக் குழாய் விட்டு வைத்திருந்தார். கண்ணுக்கே தெரியாத இறால் குஞ்சு அதில் பொரிக்குமாம். குசினிச் சூடு அதற்கு நல்லதாம். ஆசுப்பத்திரிப் பிள்ளையைப் போல மணிக்கொரு தரம் வந்து பார்த்துக்கொண்டிருந்தார். வரும்போது நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவரும் போத்தலைப் பார்ப்பார். ஒரே குசினி, ஒருவருக்கும் நோகவில்லை.

பகல் அந்தக் குஞ்சுகளை உயிரோடு தொட்டிக்குள் விட்டிருக்கிறார். நீந்துகிறதைக் கண்டதும் சின்னது முதலில் பாய்ந்ததாம், பெரியது அதைத் துரத்திவிட்டு எல்லாவற்றையும் தானே பிடித்ததாம். ஹோலில் றுமைஸா கத்திய சத்தத்தில் காகம் பறந்தது. நான் ஓடவில்லை. வெந்தயம் வறுத்துக்கொண்டிருந்தேன், கருகிவிட்டது.

ராத்தாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. இரண்டு நாள் கழியட்டும். எனக்கும் ஒரு இரகசியம் இருக்கட்டும்.

மேல்வீட்டைப் பற்றி ஒரு கதையும் இல்லை. கேட்கவும் பயம். மீனுக்கு வாய் திறந்தது என்பதற்காக மனிசன் மனம் மாறிவிடுமா?

ஆகஸ்ட் 20, புதன்

மீன் குருணைத் தீனும் தின்னத் தொடங்கிவிட்டது. மேசைச் சட்டியில் பாதி கறிதான் திரும்பி வந்தது. சட்டியை மட்டும்தான் பார்த்தேன். அதற்குச் சட்டம் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

லுஹர் தொழுதுவிட்டுக் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். றுமைஸா தலை முழுகப் போயிருந்தாள். மீராமுகைதீன் பள்ளியில். மருமகன் வந்தார். போத்தலைப் பார்க்கத்தான் வந்திருப்பார் என்று சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

"மாமி, சோறு இரிக்கா?"

என்னிடம்தான். குசினியில் வேறு மாமி இல்லை.

"பானையில இரிக்கி மகன். மீனாணம் நேத்தையது. மீன் பொரிச்சுத் தாறன், ஒரு நிமிசம் இரிங்க—"

"வேணாம் மாமி. நேத்தையது காணும்."

தானே சோற்றுக் கோப்பை எடுத்தார். தானே போட்டார். பலகைக் கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கழுவிய சட்டியைத் திரும்பக் கழுவினேன். பின்னால் சோறு பிசைகிற சத்தம், முள் எடுக்கிற சத்தம், பிறகு எழும்பி இன்னொரு தரம் பானையைத் திறக்கிற சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அல்லாஹ் சாட்சி, ஒருதரம்கூடத் திரும்பவில்லை. சட்டியில் கருக்கு என்பதே இல்லாமல் போய்விட்டது.

கோப்பையைத் தானே கழுவி வைத்தார். வாசலில் நின்றார். கனைத்தார்.

"மாமி, ஆணத்துல புளி கூட. இனிமே கொஞ்சம் கொறச்சுப் போடுங்க."

போய்விட்டார்.

புளி கூட! முப்பது வருடமாக இந்த ஊர் சட்டியை வழித்து நக்கின ஆணம். என் முகத்துக்கு நேரே — முதுகுக்கு நேரே — புளி கூடவாம்! மாமியோடு கதைக்கத் தொடங்கி முழுசாக இரண்டு கிழமை ஆகவில்லை. ராத்தாவிடம் சொன்னால் மயங்கி விழுவா. மருதமுனையில் புளியே கிடைக்காதோ என்று கேட்டிருக்க வேண்டும். நின்ற இடத்தில் நின்று அழுதேன். விருந்தாளி குறை சொல்லமாட்டான். மேல்வீட்டுக்குப் போகிறவனுக்கு "இனிமே" என்ன வேண்டிக் கிடக்கிறது?

நாளைக்கு ஒரு கொட்டைப் புளி குறைத்துப் போட வேண்டும். ஒன்றுதான். அதற்கு மேல் ஒரு கொட்டை குறைக்கமாட்டேன்.